நீலம் கூட

இன்னும் கட்டாத வீட்டுக்குள் ஆட்களை அழைத்துப்போய்ச் சுற்றிக்காட்டுவது என் அண்ணியின் தொழில். கட்டட வரைபடம் வெறும் கோடுகளாக வரும். அண்ணி அதைக் கம்ப்யூட்டரில் சுவராக எழுப்பி, கதவு வைத்து, தரை போட்டு, சாயங்கால வெயிலை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, சில நிமிடப் படமாக்கிக் கொடுப்பார். பார்க்கிறவர்களுக்குக் கையை நீட்டிக் கதவின் கைப்பிடியைத் தொடத் தோன்றும். ஒவ்வொரு படத்திலும் ஏதாவது ஒரு மேசைமேல் பாதி குடித்த கோப்பை ஒன்று இருக்கும்.

"யாரோ இப்பத்தான் எழுந்து போன மாதிரி இருக்கணும் தம்பி. இல்லேன்னா அது வீடு இல்ல, கடை" என்பார்.

இதை அவர் எங்கும் போய்ப் படிக்கவில்லை. ஒரு வரைபட அலுவலகத்தில் தட்டச்சு செய்யச் சேர்ந்தவர். அங்கே படம் வரைகிறவர் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு ஒருநாள் மதியம் எழுந்து போய்விட்டார். காலியான நாற்காலியில் சும்மா உட்கார்ந்து பார்த்த அண்ணி அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். படுக்கையறை மூலையில் ஒரு மேசை, ஒரு பழைய கம்ப்யூட்டர், அவ்வளவுதான் அலுவலகம்.

முன்பின் தெரியாத எத்தனையோ வீடுகளுக்குத் திரைச்சீலை நிறம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர், தன் வீட்டு ஜன்னலில் முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன சீலையை இன்னும் மாற்றவில்லை. பச்சையா சாம்பலா என்று முடிவாகவில்லையாம். அந்த வீட்டுக்குக் குடிவந்து பல வருடம் ஆகிறது.

"அடுத்தவங்க வீடுன்னா எனக்கு ஒரு நிமிஷம் போதும். நம்ம வீடுன்னாத்தான் கை ஓட மாட்டேங்குது."

இப்படிப்பட்டவர் ஒரு ப்ராசஸர் வாங்க வேண்டி வந்தது. அதுவும் இருப்பதிலேயே பெரிய ரகத்தில்.

காரணம் மேடம். அண்ணிக்கு வரைபடம் அனுப்புகிற கட்டடப் பொறியாளர் அம்மாளைத்தான் வீட்டில் எல்லோரும் அப்படிச் சொல்வோம். அண்ணிக்கு வரும் வேலையில் முக்கால்வாசி இந்த ஒருவரிடமிருந்துதான். அவருக்கு நகரத்தில் ஒரு பெரிய நூலகம் கட்டும் வேலை கிடைத்திருந்தது.

"கமிட்டில பன்னெண்டு பேரும்மா. ஆளுக்கு ஒரு ஆசை" என்றாராம் மேடம். "காலைல ஒருத்தர் தூணை நகர்த்தச் சொல்வார். சாயங்காலம் அவங்க வந்து உக்கார்றதுக்குள்ள நகர்த்தின தூணைப் படத்துல காட்டணும். உன்னால ஆகுமா?"

"ஆகும் மேடம்" என்று அண்ணியின் வாய் சொல்லிவிட்டது. மனசு அதற்கப்புறம்தான் விழித்துக்கொண்டது. வரைந்து வைத்ததை மிஷின் ஒவ்வொரு படமாகச் சமைத்து எடுக்க வேண்டும். அதற்கு ரெண்டர் என்று பெயர். பழைய கம்ப்யூட்டரில் ஒரு சின்ன வீட்டை ரெண்டர் செய்யவே இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் வீட்டில் மிக்ஸி போடக்கூடாது, துணி தேய்க்கக்கூடாது, ஃபியூஸ் போய்விடும். பிள்ளை தூங்குகிற வீட்டில் நடப்பது போல அண்ணன் கால்விரலை ஊன்றி நடப்பார்.

"முதல் கூட்டத்தன்னைக்கு உன்னைப் பாக்குறேன்" என்று மேடம் சொல்லியிருந்தார். "முடிஞ்சா நூலகம் முழுக்க உனக்குத்தான். முடியலைன்னா வருத்தப்படாதே. வரிசையா மிஷின் வச்சிருக்கிற கம்பெனி ஒண்ணு இருக்கு, மொத்தத்தையும் அங்கேயே குடுத்துடுவேன். ரெண்டு இடத்துல என்னால மாரடிக்க முடியாது."

அந்த 'மொத்தம்'தான் அண்ணியின் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. நூலகம் போனால் நூலகம் மட்டும் போகாது, வீடுகளும் சேர்ந்து போகும். அப்புறம் பழையபடி யாருடைய அலுவலகத்திலாவது தட்டச்சுதான்.

நான் இருப்பது வேறு நாட்டில். வீட்டிலிருந்து போன் வந்தால், எடுப்பதற்குள் இரண்டு மூன்று கெட்ட சேதிகளை நானே கற்பனை செய்து முடித்திருப்பேன். "தம்பி, ஒரு விஷயம்" என்று அண்ணி இழுத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விஷயம் கம்ப்யூட்டர்தான் என்று தெரிந்ததும், வந்த நிம்மதியில் முழுப் பொறுப்பையும் நானே ஏற்றுக்கொண்டேன். விலாவாரியாக ஒரு செய்தி எழுதி அனுப்பினேன். எழுத உட்கார்ந்தால் எனக்கு நல்ல தமிழ் வந்துவிடும். 'அண்ணி, உங்கள் செயலி மிகவும் பழையது. செயலியை மாற்றினாலே வேகம் பல மடங்காகும். நல்ல செயலி என்றால் விலை இருக்கத்தான் செய்யும்.'

கொஞ்ச நேரத்தில் அண்ணன் கூப்பிட்டார்.

"டேய், செயலின்னா போன்ல இறக்குறதுதானே? டாக்ஸி கூப்பிடறது, சாப்பாடு வரவழைக்கிறது. அதுக்குப் போய் இவ்வளவு விலையா? ஓசில கெடைக்காதா?"

"அண்ணா, அது வேற செயலி. இது ப்ராசஸர்."

"அப்ப ப்ராசஸர்னே சொல்லித் தொலையேன்டா. ரெண்டுக்கும் ஒரே பேரை வச்சவன் எவன்?"

"எனக்கும் தெரியல."

"நீ அனுப்புனதைப் படிச்சிட்டு உங்கண்ணி போன்ல இருக்கிறதையெல்லாம் ஒண்ணொண்ணா அழிச்சிட்டு உக்காந்திருக்கா. எல்லாம் பழசாமே!"

அன்றிலிருந்து ப்ராசஸர் என்றே எழுத ஆரம்பித்தேன். குழப்பம் அத்தோடு தீரவில்லை.

களத்தில் நின்றவை இரண்டு. இரண்டு பெரிய கம்பெனிகள் போட்டிபோட்டுக்கொண்டு விற்கும் உயர்ந்த ரகங்கள். பெயர்கள் எழுத்தும் எண்ணுமாகக் கார் நம்பர் மாதிரி இருந்தன. யார் வாயிலும் நுழையவில்லை. பெட்டியின் நிறத்தை வைத்து, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என்று பேசிக்கொண்டோம். இரண்டையும் ஒப்பிட்டுச் சோதித்தவர்கள் போட்ட பட்டைப் படங்களை நான் தேடித் தேடி அனுப்பினேன். அனுப்பாமல் இருந்தால் ஏதோ கடமை தவறிய மாதிரி இருந்தது.

"தம்பி, சிவப்புதான் ஜெயிக்குது" என்று அண்ணி சந்தோஷமாகக் கூப்பிட்டார். "பட்டை எவ்வளவு நீளம் பாத்தீங்களா?"

"அண்ணி, அந்தப் படத்துல நீளமா இருந்தா கெட்டது. அது வேலைக்கு எடுத்துக்கிட்ட நேரம்."

"அப்ப மேல ஒண்ணு இருக்கே?"

"அதுல நீளம்னா நல்லது. அது மார்க்."

"மூணாவது?"

"அது கரண்ட் செலவு. நீளம்னா கெட்டது."

"கடைசியா கலர் கலரா இருக்கே, அது?"

"அது கேம் விளையாடுறவங்களுக்கு. நமக்குத் தேவையில்ல."

"தேவையில்லாததை எதுக்கு தம்பி அனுப்புனீங்க? நான் அதைத்தான் ரொம்ப நேரமா படிச்சிட்டிருந்தேன்."

அடுத்த தலைவலி கோர். ஒரு ப்ராசஸருக்குள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் பல மூளைகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு கோர். சிவப்பில் பதினாறு, நீலத்தில் இருபத்துநான்கு. அண்ணி உடனே நீலத்துக்குத் தாவினார். அந்த இருபத்துநான்கில் எட்டுதான் பெரிசு, மற்ற பதினாறும் சின்னது என்று நான் சொன்னதும் பாதி வழியில் நின்றுவிட்டார்.

இங்கேதான் அண்ணன் உள்ளே வந்தார். அண்ணனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. உலகத்தில் எதைச் சொன்னாலும் அதை லிஃப்ட்டுக்குள் ஏற்றி இறக்கினால்தான் அவருக்குப் புரியும்.

"கவனமா கேளு" என்றார் அண்ணியிடம். "சிவப்புக் கட்டடத்துல பதினாறு லிஃப்ட், எல்லாம் ஒரே வேகம். நீலத்துல எட்டு எக்ஸ்பிரஸ், பதினாறு சாமான் லிஃப்ட். சாமான் லிஃப்ட்லயும் ஆள் ஏறலாம், ஆனா ஆடி அசைஞ்சுதான் போகும். கூட்டம் நிறைய இருந்தா எண்ணிக்கை முக்கியம். ஒரே ஆள்தான் நிக்கிறான்னா வேகம் முக்கியம். அவ்வளவுதானே?"

அண்ணிக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது போலிருந்தது. "சரிங்க, நம்மகிட்ட எத்தனை ஆளு நிக்கிறாங்க?"

"அது உனக்குத்தான் தெரியணும்."

"எனக்குத் தெரிஞ்சா உங்களை எதுக்குக் கேக்குறேன்?"

"அப்ப படியேறிப் போகச் சொல்லு" என்று அண்ணன் சாப்பிடப் போய்விட்டார்.

விலையாவது ஒரு இடத்தில் நிற்குமென்று பார்த்தால் அதுவும் நிற்கவில்லை. ப்ராசஸரை மட்டும் வைத்துப் பார்த்தால் நீலம் மலிவு. ஆனால் நீலம் சூடாகும், அதற்குத் தகுந்த கூலர் வாங்க வேண்டும் என்றார்கள். சிவப்பு விலை அதிகம். ஆனால் அதை மாட்டும் போர்டு நாளைக்கு வரப்போகும் புது ப்ராசஸருக்கும் உதவும் என்றார்கள். ஒரு வாரம் சிவப்பு விலை இறங்கியது, நாங்கள் சிவப்புக்கு மாறினோம். மறுவாரம் நீலத்தோடு ஒரு கார் ரேஸ் விளையாட்டை இலவசமாகக் கொடுத்தார்கள், அண்ணன் நீலத்துக்கு மாறினார். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் நீலத்தில்தான் மொத்தம் கொஞ்சம் குறைவாக வந்தது. அந்தக் கொஞ்சத்துக்காக நூலகத்தை விட்டுவிடுவோமோ என்ற பயமும் அண்ணியை விடவில்லை.

"ரெண்டு பேரும் நல்லவங்கன்னு சொல்லிட்டு ஒருத்தரைத்தான் கட்டிக்கணும்ங்கிற மாதிரி இருக்கு தம்பி."

"அண்ணனைக் கட்டிக்கும்போதும் இப்படித்தான் யோசிச்சீங்களா?"

"அப்ப ஒரே ஒரு பெட்டிதான் வந்துச்சு. அதனால பிரச்சினை இல்ல."

பின்னாலிருந்து "கேக்குது, கேக்குது" என்று அண்ணன் குரல் வந்தது.

கடைசியில் அண்ணியே ஒரு வழி கண்டுபிடித்தார். ஊரார் போட்ட பட்டையெல்லாம் எதற்கு? நூலகத்தின் படிப்பறையை மட்டும் வரைந்து ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போவது, இரண்டு ப்ராசஸரிலும் அதையே ரெண்டர் செய்து பார்த்துவிடுவது. கேட்டதும் எனக்கே வெட்கமாக இருந்தது. இவ்வளவு நாள் இது ஏன் தோன்றவில்லை?

கடைக்காரரை எங்கள் வீட்டில் விசிறி என்போம். மிஷினில் என்ன கோளாறு சொன்னாலும், திறந்து பார்ப்பதற்கு முன்னாலேயே "ஒரு விசிறி போட்டுருவோம்" என்பார். மடிப்புக் கலையாத சட்டை, காதில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், வாய் ஓயாத பேச்சு.

"வா தங்கச்சி. இது சிவப்பு, விலை கூட. ஆனா வாரன்டி கூட மூணு வருஷம் வருது. அது நீலம், விலை கம்மி. ஆனா சூடு கூட. அதுக்குக் கூலர் கூட தனியாத்தான் வாங்கணும். உன் வேலைக்கு எதுன்னு கேட்டா, ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

"அதுக்குத்தான் அண்ணே வந்திருக்கேன்" என்று அண்ணி பென்டிரைவை நீட்டினார்.

சிவப்பு மாட்டிய மிஷின் கடையிலேயே காட்சிக்கு இருந்தது. அண்ணி ஒரு ஸ்டூலைப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்து, அடுப்பில் பால் வைத்தவர் மாதிரி கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொரு நிமிடம். பழைய மிஷினில் அரை நாள் இழுக்கிற வேலை. அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டதாம். நீல மிஷின் வேறொருவருடைய ஆர்டர், அதற்கு ஒரு பாகம் வந்து சேரவில்லை.

"நீ வீட்டுக்குப் போ தங்கச்சி. பாகம் வந்ததும் மாட்டி ஓட்டிட்டுச் சேதி அனுப்புறேன்" என்றார் விசிறி.

சாயங்காலம் சேதி வந்தது. அவ்வளவு பேசுகிற மனிதர், எழுதும்போது இரண்டே சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

'நீலம் கூட'

அண்ணி ஒரு முறை படித்தார். அண்ணனிடம் காட்டினார். அண்ணன் படித்துவிட்டு, "அட, நீலமும் அதே நாற்பத்தொண்ணா!" என்றார். எனக்கு வந்தது. நானும் படித்தேன். சிவப்பைப் போலவே நீலம் கூட என்றுதான் எனக்கும் புரிந்தது. 'அப்படியானால் யோசிக்கவே வேண்டாம் அண்ணி, நீலம்தான்' என்று எழுதினேன். மலிவான பொருள் நல்லதாகவும் இருந்துவிட வேண்டும் என்ற ஆசை மூன்று பேருக்கும் இருந்தது. எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத நாங்கள் அதில் ஒரே குரலாக இருந்தோம்.

அண்ணி, 'சரி அண்ணே, நீலமே போடுங்க' என்று பதில் அனுப்பினார். விசிறியிடமிருந்து கட்டைவிரல் மட்டும் வந்தது.

புது மிஷின் வீட்டுக்கு வந்தது. கறுப்புப் பெட்டி, பக்கத்தில் கண்ணாடி, உள்ளே விளக்கு. அண்ணனுக்கு அதைப் பார்த்ததும் பயபக்தி வந்துவிட்டது. இவ்வளவு விலைபோட்டு வாங்கியதைத் தூசியில் தரையில் வைப்பதா? மேசைக்குப் பக்கத்திலிருந்த சுவர் அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து, வயர் போக ஒரு ஓட்டை போட்டு, பெட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். கச்சிதமாக இருந்தது. அண்ணி ஒரு சின்னப் படத்தை ஓட்டிப் பார்த்தார், கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. நானும் வீடியோவில் பார்த்துக் கைதட்டினேன்.

சோதனை நாள் வந்தது. மேடத்தின் திருத்தங்கள் காலையிலேயே வந்துவிட்டன. தூணை நகர்த்த வேண்டும், படிக்கட்டுக்குக் கைப்பிடி மாற்ற வேண்டும், குழந்தைகள் பகுதியின் சுவர் மஞ்சளாக வேண்டும். அண்ணி எல்லாவற்றையும் மதியத்துக்குள் செய்து முடித்தார். புத்தகமேசைமேல் பாதி குடித்த கோப்பையை வைக்கவும் மறக்கவில்லை. ரெண்டர் பொத்தானை அழுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். எனக்கு அன்று விடுமுறை. அண்ணனின் போனைப் பூச்சட்டியில் சாய்த்து வைத்தார்கள். வீட்டு ஆளாக நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வேலைக்கு அரை நாள் லீவு போட்டிருந்தார்.

இந்தத் தடவை ஓடுவது ஒரு அறை இல்லை, முழு நூலகம். மிச்ச நேரம் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று திரையில் காட்டியது. கமிட்டி உட்காருவதற்குள் தாராளமாக முடிந்துவிடும். அண்ணி தலை வாரிக்கொள்ளப் போனார்.

திரும்பி வந்து பார்த்தபோது மிச்ச நேரம் குறையவில்லை, ஏறியிருந்தது.

"ஏங்க, இது என்ன பின்னால போகுது?"

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்" என்றார் அண்ணன், ஏதோ தினம் ரெண்டர் செய்கிறவர் மாதிரி.

இன்னும் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடி ஏறியிருந்தது. வேலை நடக்க நடக்க, முடியும் நேரம் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. திரையில் காட்டிய கணக்குப்படி படம் முடியும்போது கமிட்டி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும். அண்ணியின் முகம் வெளிறிவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "சிவப்புன்னா இப்படி ஆகியிருக்காதோ?" என்று கேட்டுவைத்தேன். அதை அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டாம்.

அண்ணி விசிறிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார், எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணே, என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? ரெண்டும் ஒண்ணுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் எப்ப தங்கச்சி சொன்னேன்?"

"நீலம் கூடன்னு அனுப்புனீங்களே!"

"ஆமா. கூடன்னுதான் சொன்னேன். ஒண்ணுன்னு எங்க சொன்னேன்?"

"கூடன்னா அதே மாதிரின்னுதானே அர்த்தம்?"

"கூடன்னா கூடத்தான் தங்கச்சி! ஜாஸ்தி! சிவப்பைவிட நேரம் கூட ஆச்சுன்னு சொன்னேன். அதுக்கப்புறமும் நீ நீலமே போடுங்கன்னே. சரி, விலையைப் பாக்குறாங்கபோலன்னு விட்டுட்டேன்."

வாயால் சொல்லியிருந்தால் எந்தக் 'கூட' என்று குரலே காட்டிக்கொடுத்திருக்கும். எழுத்தில் இரண்டுக்கும் ஒரே முகம். இரண்டு மொழியில் படித்த நானும் அதில்தான் விழுந்தேன்.

"எவ்வளவுண்ணே கூட?" என்று அண்ணி ஈனஸ்வரத்தில் கேட்டார்.

"எது?"

"நேரம். எவ்வளவு ஜாஸ்தி ஆச்சு?"

"ரெண்டு நிமிஷம்."

"ரெண்டே நிமிஷமா?"

"ரெண்டு நிமிஷம்னாலும் கூடதானே. நான் பொய் சொல்ல முடியுமா?"

அண்ணி போனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்பத்தொன்றுக்கு நாற்பத்துமூன்று. அப்படியென்றால் மிஷின் ஏன் இப்படித் தவழ வேண்டும்? சிவப்பு வாங்காதது தப்பில்லை என்றால் எதுதான் தப்பு? "நீ வச்சிடு, நான் கடையைப் பூட்டிட்டு வர்றேன்" என்றார் விசிறி. அவர் வந்து மிஷினைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்வதற்குள் கமிட்டி வந்துவிடும்.

"பேசாம மேடத்துக்குச் சொல்லிடட்டுமா?" என்றார் அண்ணி. "அவங்க காத்திருந்து ஏமாறுறதைவிட முன்னாடியே சொல்றது மரியாதைதானே?"

"கொஞ்சம் பொறு" என்றார் அண்ணன். ஆனால் பொறுத்து என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை. அண்ணன் சிகரெட்டை விட்டதிலிருந்து பதற்றம் வந்தால் சாக்லேட் தின்பார். டாக்டர் அதையும் வேண்டாமென்று சொல்லியிருந்ததால், அண்ணி கண்ணில் படாமல் எங்கேயோ ஒளித்துவைத்திருந்தார். இப்போது மறைக்கும் நிலையில் அவர் இல்லை. நேராகப் போய் அலமாரிக் கதவைத் திறந்து, மேல்தட்டில் பழைய சட்டைகளுக்குப் பின்னால் கையை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார். விரல்களெல்லாம் பழுப்பாக ஒழுகிக்கொண்டிருந்தன.

"என்னடி இது, உருகி ஓடுது?"

அண்ணி எழுந்து போனார். திறந்த கதவிலிருந்து முகத்தில் அறைந்த காற்று, சோறு வடிக்கும் பானையின் மூடியைத் தூக்கியது போல இருந்ததாம். கீழ்த்தட்டில் புது மிஷின் விளக்கெல்லாம் எரிய மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அதன் விசிறிகள் சுற்றுகிற சுற்றை அண்ணி அப்போதுதான் கேட்டார். உள்ளேயிருந்த சூட்டையே திருப்பித் திருப்பி இழுத்துக்கொண்டிருந்தன. சின்னப் படத்துக்குச் சூடு ஏற நேரமில்லை. பெரிய படத்தில் ஏறிக்கொண்டே போயிருக்கிறது, சூடு ஏற ஏற மிஷின் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது.

"லிஃப்ட் மோட்டார் ரூம்ல ஃபேன் இல்லேன்னா சாவியைப் பிடுங்கிட்டு வந்துடுவீங்களே" என்றார் அண்ணி மெதுவாக. "இதை அலமாரில வச்சுக் கதவைச் சாத்துனது யாரு?"

"தூசி படக்கூடாதுன்னுதானே..." அண்ணன் விரலை எங்கே துடைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"அப்புறம் துடைச்சுக்கலாம். டேபிள் ஃபேனை எடுத்துட்டு வாங்க."

பெட்டியைக் கீழே இழுக்கப் பயமாக இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது வயர் எதுவும் பிடுங்கிக்கொண்டால் எல்லாம் போச்சு. கதவை அகலத் திறந்து, இரண்டு நாற்காலியை அடுக்கி, அதன்மேல் டேபிள் ஃபேனை வைத்து, நேரே உள்ளே ஊதவிட்டார்கள். ஜன்னலையும் திறந்தார்கள். முன்பு குடியிருந்தவர்களின் திரைச்சீலை காற்றில் எழுந்து அண்ணியின் முகத்தை மூடியது, அதைச் சுருட்டி ஒரு முடிச்சுப் போட்டார். நாங்கள் மூன்று பேரும் மிச்ச நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது ஏறுவது நின்றது. கொஞ்ச நேரம் அதே இடத்தில் நின்றது. அப்புறம் இறங்க ஆரம்பித்தது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு மளமளவென்று.

"இப்பத்தான் எக்ஸ்பிரஸ் லிஃப்ட்டுக்குக் கரண்ட் வந்திருக்கு" என்றார் அண்ணன்.

"நீங்க வாயைத் திறக்காதீங்க. அந்தச் சூட்டுக்காத்து வேற."

விசிறி வந்து சேர்ந்தபோது கையில் ஒரு புது விசிறி இருந்தது. அலமாரியைப் பார்த்தார், நாற்காலி மேலிருந்த ஃபேனைப் பார்த்தார். "நான் கொண்டுவந்ததை என்ன செய்யுறது?" என்று கொஞ்சம் ஏமாற்றமாகக் கேட்டார். அண்ணன் அவருக்கு நாற்காலி போடப் போனார், நாற்காலி இல்லை. மூவரும் கட்டில் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

படம் முடிந்தது. அண்ணி அதை முழுதாகப் பார்க்கவும் நேரமில்லை. அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததற்கான குறி வரும்வரை போனைப் பிடித்துக்கொண்டே நின்றார். குறி வந்தது. அடுத்த நிமிடமே மேடம், 'கமிட்டி வந்துட்டாங்க. படம் கிடைச்சுது. போடறேன்' என்று எழுதினார்.

அப்புறம் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. விசிறி கடைக்குக் கிளம்பிப் போனார். நான் இங்கே சமைத்தேன், சாப்பிடவில்லை. அண்ணன் சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துச் சாக்லேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணி, படத்தில் எந்தத் தூணையாவது நகர்த்த மறந்திருப்போமா என்று மனசுக்குள் நூலகத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

பிறகு போன் மின்னியது. அண்ணி எடுத்துப் படித்தார். நெற்றி சுருங்கியது. அண்ணனிடம் நீட்டினார், பிறகு எனக்கும் காட்டினார்.

'பார்த்தாச்சு. நாளைக்கு கூட வேலை இருக்கு.'

"நாளைக்கும் வேலை இருக்குன்னு சொல்றாங்க" என்றார் அண்ணன்.

"இல்ல அண்ணா, நாளைக்கு வேலை ஜாஸ்தின்னும் இருக்கலாம்" என்றேன் நான்.

"நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை இல்லையே?"

"நல்லா இல்லேன்னா நாளைக்கு எதுக்கு வேலை?"

"அப்ப எந்தக் கூடடா இது? கேட்டுடலாமா?"

அண்ணி போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இன்னொரு முறை படித்தார். அந்த நாள் முழுக்க இறுகியிருந்த முகம் அப்போதுதான் தளர்ந்தது.

"எந்தக் கூடவா இருந்தா என்னங்க?" என்றார். "வேலை இருக்குன்னு இருக்கில்ல?"

'சரி மேடம்' என்று பதில் எழுதினார். பிறகு அண்ணனின் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து அலமாரிக் கதவைக் காட்டினார். அண்ணன் மறுபேச்சில்லாமல் அதன் கீலடியில் உட்கார்ந்தார். நான் போனை வைக்கப்போகும் நேரம்.

"தம்பி" என்றார் அண்ணி, பழைய குரலில். "ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. சிவப்பை வாங்கியிருந்தா, இந்தக் கதவைக் கழட்டாமலே இருந்திருக்கலாமோ?"

எனக்குத் தெரியவில்லை. சிவப்புக்குச் சூடு குறைவு என்றுதான் சொன்னார்கள். ஆனால் சாத்திய அலமாரிக்குள் வைத்து யாரும் சோதித்துப் பட்டை போட்டதாக ஞாபகமில்லை. "இருங்க அண்ணி, பாத்துச் சொல்றேன்" என்று தேட ஆரம்பித்தேன்.

"வேணாம்னு சொல்லு!" என்று கீழேயிருந்து அண்ணன் கத்தினார். "மறுபடியும் படம் அனுப்ப ஆரம்பிச்சுடுவான்!"

அதற்குள் கதவு கழன்று அவர் மடியில் விழுந்தது.